மாடித் தொட்டி ஷவரில் தண்ணீர் வேகம் இல்லை, வால் மிக்ஸரும் சொட்டுகிறது: நாமே சரிசெய்ய முடியுமா?

மொட்டைமாடி:
தரைத்தளம், முதல் தளம் என இரண்டு மாடி வீடு. மொட்டை மாடியில் 3 அடி செங்கல் மேடை மீது 1000 லிட்டர் தொட்டி. முதல் தளக் குளியலறையில் பக்கெட் குழாயில் தண்ணீர் நன்றாகக் கொட்டுகிறது, ஷவரில் நூல் நூலாகத்தான் வருகிறது. சுடுதண்ணீர்ப் பக்கம் திறந்தால் இன்னும் மோசம். கூடவே, வால் மிக்ஸரை (வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் சுவர்க் குழாய்) எவ்வளவு இறுக்கி மூடினாலும் வெந்நீர்ப் பக்கம் சொட்டு நிற்பதில்லை. போர் தண்ணீர், உப்பு அதிகம். குழாய் எல்லாம் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்), சுவருக்குள் புதைத்தது. 8 அங்குல ரெயின் ஷவர் போட்டால் வேகம் கூடும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், சுவரை உடைக்காமல் செய்ய முடிந்ததை நானே செய்ய விருப்பம்.

குழாயடி:
ரெயின் ஷவர் வாங்காதீர்கள் சார். உங்கள் வீட்டில் அது இன்னும் சொதப்பும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

தொட்டித் தண்ணீருக்கு அழுத்தம் தருவது உயரம் மட்டும்தான். சுமார் 33 அடி உயரத்துக்கு 1 பார், பிளம்பர்கள் "ஒரு கிலோ பிரஷர்" என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். ஷவர் தரையிலிருந்து 7 அடியில் இருக்கும். அதற்கு மேல் கூரை வரை 3 அடி, ஸ்லாப் அரை அடி, மேடை 3 அடி. ஆக, தொட்டியின் அடிமட்டத்துக்கும் ஷவருக்கும் இடையே ஆறரை அடிதான். அது 0.2 பார். தொட்டி நிரம்பியிருந்தால் 0.3. பக்கெட் குழாய் இரண்டரை அடி உயரத்தில் இருப்பதால் அதற்கு இன்னும் நாலரை அடி கூடுதலாகக் கிடைக்கிறது, துளையும் பெரிது. அங்கே நன்றாகக் கொட்டி ஷவரில் வராமல் இருப்பது இதனால்தான்.

ரெயின் ஷவர்களுக்குப் பெட்டியில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பாருங்கள், பெரும்பாலும் 0.5 பாருக்குக் குறையாது. 8 அங்குலத் தட்டில் துளைகள் அதிகம். இருக்கிற கொஞ்சத் தண்ணீர் அத்தனை துளைக்கும் பங்கு பிரியும்போது பாதித் துளைகளில் ஒன்றும் வராது, மீதியில் ஒழுகும். குறைந்த அழுத்தத்துக்கு 3 அல்லது 4 அங்குலத் தலை, எண்ணிக்கை குறைந்த துளைகள், விரலால் தேய்த்தால் உப்பு உதிரும் ரப்பர் முனைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும் முன் ஒரு அளவீடு. 10 லிட்டர் பக்கெட்டும் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சும் போதும். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் கம்பியிலிருந்து (ஷவர் ஆர்ம்) பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். தண்ணீர்ப் பக்கம் தனியாக, வெந்நீர்ப் பக்கம் தனியாக. பிறகு தலையை மாட்டி மறுபடி. இந்த எண்கள் வராமல் யார் சொல்லும் யோசனையும் குருட்டு ஊகம்தான்.

வைகைக்கரை:
இவ்வளவு எதுக்குங்க? தொட்டிக்கு அடியில அரை ஹெச்பி பிரஷர் பம்ப் வச்சா எல்லா ஷவரும் பிச்சுக்கிட்டு வரும். ஒரே வேலை, முடிஞ்சது.

மோட்டார்பட்டறை:
பம்ப் வைக்கலாம், ஆனால் கடைசியில். நாலு நிபந்தனை உண்டு.

ஒன்று, குளிர்ந்த நீர் லைன், கெய்சர் லைன் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் பம்ப் உட்கார வேண்டும். குளிர்ந்த நீர் லைனில் மட்டும் வைத்தால், மிக்ஸருக்குள் குளிர்ந்த நீர் வெந்நீரை எதிர்த்துத் தள்ளும். வெந்நீர் வரவே வராது. இரண்டு, ஃப்ளோ சுவிட்ச் வகை பம்ப், குழாயில் ஓரளவு ஓட்டம் இருந்தால்தான் ஆன் ஆகும். மேல்தள ஷவரில் இயல்பான ஓட்டம் மிகக் குறைவாக இருந்தால் அந்த சுவிட்ச் விழிக்காது. அந்த இடத்துக்கு, அழுத்தம் குறைந்ததும் ஆன் ஆகும் பிரஷர் சுவிட்ச் வகை எடுக்க வேண்டும். மூன்று, மின்சாரம் போனாலும் தண்ணீர் வர, பம்பைச் சுற்றி ஒரு பைபாஸ், அதில் தொட்டியிலிருந்து வீட்டுப் பக்கம் திறக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு. இது இல்லாவிட்டால் பம்ப் தள்ளும் தண்ணீர் பைபாஸ் வழியே சுற்றிச் சுற்றித் தனக்கே வரும். நான்கு, தொட்டி காலியானால் தானே நிற்கும் ஏற்பாடு. காய்ந்து ஓடினால் சீல் போய்விடும்.

அழுத்தம் 1 முதல் 1.5 பார் போதும். இதுவரை 0.2 பாரில் சும்மா இருந்த பலவீனமான மூட்டுகள் பம்ப் வைத்த பிறகுதான் கசியத் தொடங்கும். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வீடுகளில் மிகவும் யோசித்துச் செய்யுங்கள்.

வைகைக்கரை:
அப்போ மேடையை 3 அடி உயர்த்திட்டா?

மோட்டார்பட்டறை:
3 அடிக்குக் கிடைப்பது 0.09 பார். நிரம்பிய 1000 லிட்டர் தொட்டி ஒரு டன்னுக்கு மேல் எடை. மேடை, பீம் அல்லது சுமைதாங்கும் சுவரின் நேர் மேலே இல்லாமல் ஸ்லாப் நடுவில் இருந்தால் அதை உயர்த்தவே கூடாது. அந்தச் செலவில் தொட்டியிலிருந்து அந்தக் குளியலறைக்குத் தனியாக ஒரு 1 அங்குலக் குழாய் இறக்கினால் பலன் அதிகம். அரை அங்குல சிபிவிசியின் உள்விட்டம் 12 மி.மீ. சொச்சம், முக்கால் அங்குலத்துக்கு 18. நீர் ஓடும் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். சுவருக்குள் கடைசி எல்போ வரை முக்கால், கடைசித் துண்டு மட்டும் அரை என்று போட்ட வீடுகளில் இதே உயரத்திலும் ஷவர் சுமாராக வரும்.

இன்னொன்று, தொட்டி வாயில் கேட் வால்வுக்குப் பிறகு ஏர் வென்ட் குழாய் இருக்கிறதா பாருங்கள். தொட்டியின் உச்சிக்கும் மேலே ஏறி, முனை வளைந்து திறந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், தொட்டி ஒருமுறை காலியாகி நிரம்பியதும் குழாயில் காற்று சிக்கிக்கொள்ளும். மாடித்தரையில் குழாய் மேலேறி இறங்கும் இடம் இருந்தால் காற்று அங்கேதான் நிற்கும்.

குழாயடி:
இனி சொட்டும் மிக்ஸர்.

முதலில் தண்ணீரை நிறுத்துவது. மாடியில் இருக்கும் பழைய கேட் வால்வு பல ஆண்டுகள் தொடாமல் இறுகிப்போயிருக்கும். பலம் கொண்டு திருகினால் உள்ளே தண்டு முறியும், பிறகு மூடவும் முடியாது திறக்கவும் முடியாது. அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தொட்டியைக் காலி செய்து அங்கே ஒரு பால் வால்வு மாற்றுவதே முதல் வேலை. கெய்சரின் எம்சிபியை அணைத்துவிட்டு, கெய்சருக்கு அடியில் உள்ள ஆங்கிள் காக்கையும் (சுவரில் இருக்கும் சின்ன அடைப்பு வால்வு) மூடுங்கள். பக்கெட் குழாயைத் திறந்து லைனில் மிச்சமுள்ள தண்ணீர் வடியட்டும். தரை ஜாலியைத் துணியால் மூடுங்கள், சின்ன ஸ்குரூ உள்ளே விழுந்தால் தேடி எடுக்க முடியாது.

கைப்பிடியின் சிவப்பு மூடியைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் அடியில் ஒரு ஸ்குரூ இருக்கும். சில மாடல்களில் பக்கவாட்டில் 2.5 மி.மீ. ஆலன் கீ. கைப்பிடி உப்பேறி வரவில்லை என்றால் தட்டாதீர்கள், வெந்நீர்த் துணி சுற்றிக் கொஞ்சம் காத்திருந்து இழுங்கள். அடுத்து குரோம் குப்பி, அதற்கடியில் நீரைத் திறந்து மூடும் பித்தளை ஸ்பிண்டில். அதைச் சரியான அளவு ஸ்பேனரால் இடஞ்சுழியாகக் கழற்றுங்கள். பைப் ரெஞ்ச் போட்டால் பித்தளையின் முனைகள் தேயும்.

பல சுற்று திருகும் பழைய வகை என்றால் நுனியில் உள்ள ரப்பர் வாஷர் மாற்றினால் போதும். வாஷர் உட்காரும் வட்டமான இருக்கையை விரலால் தடவுங்கள். பள்ளமோ கீறலோ தட்டுப்பட்டால் புது வாஷரும் சில வாரத்தில் வெட்டுப்படும். கால் சுற்றில் திறக்கும் வகை என்றால் உள்ளே இரண்டு செராமிக் தட்டுகள். உப்புத் துகள் இடையில் மாட்டிக் கீறியிருக்கும். அதை இறுக்கி மூடுவதால் சொட்டு நிற்காது, கீறல்தான் ஆழமாகும். ஸ்பிண்டிலை மொத்தமாக மாற்ற வேண்டும்.

பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும்: மரையின் அளவு, கைப்பிடி மாட்டும் பல்லின் எண்ணிக்கை, திறக்கும் திசை. வால் மிக்ஸரில் வெந்நீரும் தண்ணீரும் எதிரெதிர்த் திசையில் திறக்கும்படி செய்திருப்பார்கள். திசை மாற்றி வாங்கினால் கைப்பிடி மூடிய நிலையில் தண்ணீர் ஓடும். புதியதை மாட்டும்போது ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். வண்டி கிரீஸ், தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் உள்ளவர்களுக்கு: அதில் இருப்பது கார்ட்ரிட்ஜ். 35 மி.மீ., 40 மி.மீ. இரண்டுதான் அதிகம். அடியில் உள்ள இரண்டு முளைகளும் உடலில் உள்ள குழிகளில் சரியாக அமர்ந்த பிறகே மேல் நட்டை இறுக்குங்கள்.

ஷவரை மூடியதும் சில நிமிடம் சொட்டுவது வால்வின் கோளாறு இல்லை. தலைக்குள் தேங்கிய தண்ணீர் அது. அரை மணி கழித்தும் சொட்டினால்தான் ஸ்பிண்டிலைப் பாருங்கள்.

செம்மண்:
மரைக்கு டெஃப்லான் டேப்பா, சணலா? எங்கள் பக்கம் பிளம்பர்கள் சணலும் வெள்ளை பெயின்டும்தான் நிற்கும் என்கிறார்கள்.

குழாயடி:
ஜிஐ குழாயில் சணல் அருமையான பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிபிவிசி லைனில் வேண்டாம். சணல் ஈரத்தில் ஊதும், பெயின்டில் உள்ள எண்ணெயும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ஒரு நாள் எல்போ கழுத்தில் முடி போல விரிசல் விடும், சுவருக்குள் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது.

டேப் சுற்றும் முறையில்தான் விஷயம். மரையின் வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்து வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். எதிராகச் சுற்றினால் திருகும்போதே சுருண்டு வெளியே வரும். முதல் ஒரு மரையை வெறுமையாக விடுங்கள், டேப் நுனி உள்ளே தொங்கினால் அது கிழிந்து போய் ஷவர் துளையை அடைக்கும். அரை அங்குலத்துக்கு இழுத்துப் பிடித்து 10 முதல் 12 சுற்று. பிறகு, ஷவர் ஆர்ம் சரியாகக் கீழ்நோக்கி நிற்கும் இடத்தைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாதீர்கள். திருப்பினால் டேப் தளர்ந்து அங்கே கசியும். முழுக்கக் கழற்றி, பழைய டேப்பை உரித்து, புதிதாகச் சுற்றித்தான் மாட்ட வேண்டும்.

செம்மண்:
ஆர்ம் கழற்றும்போது மரை மட்டும் சுவருக்குள் முறிந்து நின்றுவிட்டால்?

மோட்டார்பட்டறை:
ஹார்ட்வேர் கடையில் குழாய்த் துண்டு எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கிடைக்கும், இடமரை போட்ட கூம்பு வடிவம். உள்ளே தட்டி, இடஞ்சுழியாகத் திருப்பினால் துண்டு கடித்துக்கொண்டு வெளியே வரும். கிடைக்காவிட்டால் ஹாக்சா பிளேடால் உள்பக்கமிருந்து ஒரு கோடு அறுங்கள், எல்போவின் மரையைத் தொடும் முன் நிறுத்திவிட்டு, சின்ன உளியால் துண்டை உள்நோக்கி மடக்கி உருவுங்கள். இதில் அவசரப்பட்டால் எல்போ மரை போகும், பிறகு டைல் உடைப்புதான். பழைய ஜிஐ எல்போ என்றால் துருப்பிடித்த கழுத்து மொத்தமும் சேர்ந்து திரும்பும் அபாயம் உண்டு. அதை நீங்களே முயல வேண்டாம்.

மொட்டைமாடி:
அளந்துவிட்டேன். தலை இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் நிமிடத்துக்கு 9 லிட்டர். தலையோடு 4. வெந்நீர்ப் பக்கம் தலை இல்லாமலே 4 தான். வென்ட் குழாய் இருக்கிறது.

குழாயடி:
அப்படியானால் உங்களுக்கு இரண்டு தனித்தனிக் கோளாறு, பம்ப் தேவையில்லை. 9 லிட்டர் குளிக்கத் தாராளம்.

முதல் கோளாறு தலை. கழற்றி உள்ளே பாருங்கள், மரைப் பக்கம் ஓ-ரிங்கோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை இருக்கலாம். தண்ணீரை மிச்சப்படுத்த வைக்கும் கட்டுப்பாட்டு வில்லை அது, அதிக அழுத்தம் உள்ள அடுக்குமாடிக்கு நல்லது. உங்கள் அழுத்தத்தில் எடுத்துவிடலாம். உப்பு அடைப்புக்கு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு இரண்டு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் இளஞ்சூட்டு நீர். அரை மணி ஊறவைத்து பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். குரோம் உரிந்து பித்தளை தெரியும், டைல் இடுக்குச் சிமென்ட்டும் அரிக்கும்.

இரண்டாவது, வெந்நீர்ப் பாதை. கெய்சரிலிருந்து மிக்ஸர் வரை ஒவ்வொரு இடமாகப் பிரித்துப் பாருங்கள். மிக்ஸரின் வெந்நீர் லெக்கில் (மிக்ஸரைச் சுவர்க் குழாயோடு இணைக்கும் வளைந்த துண்டு) உள்ள பெரிய நட்டைக் கழற்றினால் வாஷரோடு சல்லடை இருக்கும், போர் தண்ணீர் வீட்டில் அடைப்பு முதலில் சேரும் இடம் அது. மிக்ஸரை இறக்கிவிட்டு லெக்கிலிருந்து பக்கெட்டில் பிடியுங்கள். இங்கே 9 லிட்டருக்கு அருகில் வந்தால் கோளாறு மிக்ஸரில். வராவிட்டால் கெய்சரின் வெளிவாய்க் கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றிப் பாருங்கள், கெய்சர் அணைந்து நீர் ஆறியிருக்க வேண்டும். அந்தப் பின்னல் பைப்பின் உள்துளை பென்சில் அளவே இருக்கும் மலிவு வகைகள் உண்டு. ஆங்கிள் காக் பாதி திறந்து நிற்பதும் சாதாரணம்.

கெய்சர் உள்வாயில் இருக்கும் மல்டி ஃபங்ஷன் வால்வுக்குள் ஸ்பிரிங் உண்டு. அதைத் தள்ளித் திறக்கவே கொஞ்சம் அழுத்தம் செலவாகும், 0.2 பாரில் அது பெரிய இழப்பு. அதனால் வெந்நீர் எப்போதும் தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், 6 அல்லது 7 லிட்டர் வந்தால் திருப்தி அடையுங்கள். அந்த வால்வை எடுத்துவிடாதீர்கள், அது சொட்டும் முனையை அடைக்கவும் கூடாது. அழுத்தம் மீறும்போது கெய்சர் வெடிக்காமல் காப்பது அதுதான்.

ஈரச்சுவர்:
இதே இழையில் ஒரு கேள்வி. புதிதாக ஒரு குளியலறை எடுக்கிறோம், டைல் இன்னும் ஒட்டவில்லை. கன்சீல்டு டைவர்ட்டர் (சுவருக்குள் பதித்து, நீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் வால்வு) போடச் சொல்கிறார்கள். என்ன அளவுகளைப் பார்த்து வாங்க வேண்டும்?

மோட்டார்பட்டறை:
உயரங்கள், டைல் முடிந்த தரையிலிருந்து: ஷவர் ஆர்ம் 7 அடி, டைவர்ட்டர் மூன்றரை அடிக்கு அருகே, ஸ்பவுட் (பக்கெட்டுக்குத் தண்ணீர் விழும் மூக்கு) 2 முதல் இரண்டேகால் அடி. வால் மிக்ஸர் என்றால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மையத்திலிருந்து மையம் 150 மி.மீ., பார்த்து நிற்பவருக்கு இடது வெந்நீர், வலது தண்ணீர். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், லெக்கின் வளைவு கொஞ்சம்தான் ஈடு கொடுக்கும்.

டைவர்ட்டரில் கெடுவது ஆழம். உடலின் பிளாஸ்டிக் மூடியில் குறைந்த அளவு, கூடிய அளவு என்று இரண்டு கோடு இருக்கும். டைலின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவே வர வேண்டும். செங்கல் முகத்திலிருந்து பூச்சு 12 மி.மீ., டைல் பசை, டைல் 8 முதல் 10 மி.மீ. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து உடலைப் பதியுங்கள். அதிகம் உள்ளே போனால் கைப்பிடி எட்டாது, வெளியே நீட்டினால் தட்டு சுவரோடு ஒட்டாது.

சுவரில் காடி எடுக்கும்போது செங்குத்தாக எடுத்தால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, படுக்கையாக என்றால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒரு பங்கு முக்கால் அங்குலம்தான், குழாயும் பூச்சும் அதில் அடங்காது. ஆகவே அந்தச் சுவரில் குழாயை மேலிருந்து நேராக இறக்குங்கள், படுக்கையாக ஓட்டாதீர்கள்.

குழாயடி:
மோட்டார்பட்டறை சொன்ன அளவுகள் சரி. எனக்குக் கன்சீல்டு மேல் ஒரு வருத்தம் உண்டு. போர் தண்ணீர் வீட்டில் வெளியே தெரியும் வால் மிக்ஸர்தான் என் சிபாரிசு. அதை இரண்டு நட்டு கழற்றி மாற்றிவிடலாம். கன்சீல்டு உடல் கெட்டால், அதே மாடல் உதிரி கிடைக்காவிட்டால், டைலை உடைக்க வேண்டும். போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு கார்ட்ரிட்ஜ் கூடுதலாக இப்போதே வாங்கி வையுங்கள். ஸ்பவுட்டில் பொத்தானைத் தூக்கி ஷவருக்கு மாற்றும் வகையும் வேண்டாம். அந்தப் பொத்தானைத் தூக்கி நிறுத்துவது நீரின் அழுத்தம். தொட்டி அழுத்தத்தில் அது நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும்.

ஒட்டும்போது: குழாயை நேர்செங்குத்தாக வெட்டி, பிசிறை உள்ளும் புறமும் எடுங்கள். பசை போடாமல் செருகிப் பார்த்தால் சாக்கெட்டில் (எல்போ போன்ற இணைப்பின் வாய்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கி இறுகப் பிடிக்க வேண்டும். சிபிவிசி பசைதான், யுபிவிசி பசை ஆகாது. குழாயில் சீராக ஒரு பூச்சு, சாக்கெட்டில் மெல்லியதாக. கால் சுற்று திருப்பியபடி அடி வரை செருகி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், விட்டால் பின்னோக்கி நழுவும். சாக்கெட்டில் பசை அதிகமானால் உள்ளே வழிந்து தேங்கி, துளையையும் குறுக்கும், குழாயையும் மிருதுவாக்கும். மிக்ஸர், ஆர்ம் மாட்டும் முனைகளில் பித்தளை மரை பதித்த எல்போ மட்டும் போடுங்கள்.

ஒரு நாள் காய்ந்த பிறகு எல்லா முனைகளையும் பிளக் போட்டு, கை பம்பால் அழுத்தச் சோதனை. உயரமான முனையில் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு 10 கிலோ வரை ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பாருங்கள். காற்றடித்துச் சோதிக்க விடாதீர்கள், பிளாஸ்டிக் குழாய் வெடித்தால் துண்டுகள் சிதறும். முள் நின்ற பிறகு, அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். பின்னாளில் துவாலை மாட்டும் கம்பிக்குத் துளை போடும்போது அந்தப் படம்தான் குழாயைக் காப்பாற்றும்.

செம்மண்:
டைல் ஒட்டி முடித்த சுவரின் மறுபக்கம், படுக்கையறையில் பெயின்ட் ஊறி உதிர்ந்தால் எங்கிருந்து கசிகிறது என்று உடைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

குழாயடி:
எப்போது ஈரம் கூடுகிறது என்பதை வைத்துத்தான். யாரும் குளிக்காத நாளிலும் ஈரம் காயாமல் இருந்தால் எப்போதும் நீர் நிற்கும் லைன். இரவு தொட்டி வால்வை மூடி, மறுநாள் ஈரம் குறைகிறதா பாருங்கள். ஷவரில் குளித்தால் மட்டும் ஏறி, பக்கெட்டில் குளித்தால் ஏறாவிட்டால், மிக்ஸரிலிருந்து ஆர்முக்கு ஏறும் குழாய் அல்லது ஆர்மின் மரை. ஆர்மைக் கழற்றி, பிளக் போட்டு, ஷவர் பக்கம் திருப்பி அரை மணி திறந்து வையுங்கள். அப்போதும் ஏறினால் குழாய், ஏறாவிட்டால் மரை. எப்படிக் குளித்தாலும் ஏறினால் தரை, ஜாலி, டைல் இடுக்கு. ஜாலியை அடைத்துத் தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். சுவரடியில் மட்டும் ஈரம் என்றால் தரையின் வாட்டம் ஜாலிப் பக்கம் இல்லாமல் மூலைப் பக்கம் இருக்கவும் வாய்ப்புண்டு.

மொட்டைமாடி:
வெந்நீர் லெக்கில் சல்லடை முழுக்க வெள்ளை மண்ணாக உப்பு. சுத்தம் செய்ததும் வெந்நீர் 7 லிட்டர் வருகிறது. தலையில் நீங்கள் சொன்ன வில்லை இருந்தது, எடுத்தாயிற்று. ஸ்பிண்டில் மாற்றியதும் சொட்டும் நின்றது. கடைசியாக ஒன்று: ஆர்ம் சுவரைத் தொடும் இடத்தில் உள்ள வட்டத் தட்டைச் சுற்றி சிலிக்கான் போட்டு அடைக்கலாமா?

குழாயடி:
மேல் பாதியும் பக்கங்களும் மட்டும் போடுங்கள். அடியில் ஒரு விரல் அகலம் திறந்திருக்கட்டும். மேலே வழியும் தண்ணீர் உள்ளே போகாது. ஆர்மின் மரை என்றைக்காவது கசிந்தால், சுவருக்குள் இறங்காமல் அந்த இடைவெளி வழியே டைல் மேல் வடியும், உங்களுக்கும் உடனே தெரிந்துவிடும்.